டியூடர் பிளாக் பே 54: எஃகுச் செயினை அளவாக்கிக்கொண்ட அனுபவம்

கைக்கடிகார மதிப்புரைகளைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு முகப்பின் நிறமும் முட்களின் வடிவமும் உள்ளே ஓடும் இயந்திரத்தின் எண்ணும் மனப்பாடமாகிவிடும். ஆனால் அந்தக் கடிகாரத்தை நாள் முழுவதும் கையோடு பிணைத்து வைத்திருக்கும் செயினைப் பற்றி ‘வசதியாக இருக்கிறது’ என்ற ஒற்றை வரிக்கு மேல் பெரும்பாலும் எதுவும் கிடைப்பதில்லை. பத்து மாதங்களாக டியூடர் பிளாக் பே 54-ஐக் கட்டிவருகிறேன். முதல் வாரம் முகப்பைப் பார்த்துப் பூரித்ததென்னவோ உண்மைதான். அதற்குப் பிறகு இன்றுவரை நான் ஒவ்வொரு நாளும் உணர்வது அதன் எஃகுச் செயினைத்தான். எனவே இந்த மதிப்புரை முழுவதும் செயினைப் பற்றியும், அதை என் மணிக்கட்டுக்கு அளவாக்கப் பட்ட பாட்டைப் பற்றியும் மட்டுமே.

அடிப்படைத் தகவல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023-இல் வெளிவந்த இந்தக் கடிகாரம், டியூடர் 1954-இல் கொண்டுவந்த தன் முதல் முக்குளிப்புக் கடிகாரமான 7922-ஐ முன்மாதிரியாகக் கொண்டது. கூட்டின் விட்டம் 37 மி.மீ., தடிமன் 11.2 மி.மீ., மேலிருந்து கீழ்வரை காதுகளின் (செயினை மாட்டக் கூட்டிலிருந்து நீளும் கொம்புகளின்) முனைகளுக்கு இடையே 46 மி.மீ. செயின் தொடங்கும் இடத்தில் அகலம் 20 மி.மீ.; பூட்டை நோக்கிச் செல்லச் செல்லக் குறுகுகிறது. 200 மீட்டர் நீர்த்தாங்கு திறனும் 70 மணி நேர ஓட்டமும் கொண்ட எம்.டி.5400 இயந்திரத்தைப் பற்றி எனக்குக் குறை எதுவுமில்லை; ஆகவே அதை இத்துடன் விட்டுவிடுகிறேன்.

என் மணிக்கட்டின் சுற்றளவு 17 செ.மீ. இந்த அளவுக்கு 39 மி.மீ. விட்டமுள்ள பிளாக் பே 58-உம் பொருந்தியிருக்கும். 2018-இல் அது அறிமுகமானபோதே வாங்க ஆசைப்பட்டவன்தான் நான். தயங்கியதற்குக் காரணம் அதன் பூட்டு. அன்றைய 58-இல் நுண்ணளவு மாற்றம் என்பது பூட்டின் பக்கவாட்டில் உள்ள துளைகளில் ஸ்ப்ரிங் பாரை (செயினைப் பூட்டோடு பிணைக்கும் சிறு ஸ்ப்ரிங் கம்பியை) ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றில் பொருத்துவதாகும். அதற்குக் கருவி வேண்டும், வெளிச்சம் வேண்டும், தெறித்து ஓடும் ஸ்ப்ரிங் பாரைக் கட்டிலுக்கடியில் தேடும் பொறுமையும் வேண்டும். பிளாக் பே 54 தொடக்கத்திலிருந்தே ‘டி-ஃபிட்’ என்ற பூட்டுடன் வந்தது. கருவி எதுவுமின்றி ஐந்து நிலைகளில் மொத்தம் 8 மி.மீ. வரை நீளத்தைக் கூட்டவோ குறைக்கவோ இது இடம் தருகிறது. அதாவது ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் 2 மி.மீ. வித்தியாசம். காகிதத்தில் இது அற்பமாகத் தெரியும். சென்னையில் மே மாதப் பிற்பகலில் எஃகுச் செயின் கட்டியவர்களுக்கு 2 மி.மீ. என்றால் என்னவென்று தெரியும்.

கடிகாரத்தை வெளியூர்ப் பயணம் ஒன்றின் கடைசி நாளில் வாங்கினேன். கடையின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை, ஏனெனில் அங்கு நடந்தது எந்தக் கடையிலும் நடக்கக்கூடியதுதான். குளிரூட்டப்பட்ட அறை, காலை பதினொரு மணி, விமானத்தைப் பிடிக்கும் அவசரம். விற்பனையாளர் என் கையில் கடிகாரத்தை வைத்து, தொங்கிய மிச்சத்தைக் கண்ணால் அளந்துவிட்டு உள்ளே எடுத்துச் சென்றார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தபோது அது கையில் கச்சிதமாக உட்கார்ந்தது. நானும் மகிழ்ந்துபோய்ப் பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன். கழற்றிய நான்கு கண்ணிகளைச் சிறு உறையில் போட்டுக் கொடுத்தார்கள். அந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்தார்கள் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

சென்னைக்கு வந்த மூன்றாம் நாள், மாலை நான்கு மணிக்கு, செயின் கையைக் கவ்விப் பிடித்தது. பூட்டைத் திறந்து தளர்த்தலாம் என்று பார்த்தால், டி-ஃபிட் ஏற்கெனவே கடைசி நிலை வரை வெளியே இழுக்கப்பட்டிருந்தது. அதாவது நகர்வை முழுவதுமாக நீட்டிவைத்துக்கொண்டு, அந்த நீளத்துக்கு ஏற்பக் கண்ணிகளைக் கழற்றியிருக்கிறார்கள். இனி இறுக்கத்தான் முடியும், தளர்த்த ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. எந்த வசதிக்காக இந்த மாடலைத் தேர்ந்தெடுத்தேனோ, அந்த வசதி முழுவதையும் குளிர் அறையிலேயே செலவழித்துவிட்டார்கள்.

இரண்டாவது குறையைக் கண்டுபிடிக்க இன்னும் ஒரு வாரம் ஆயிற்று. கழற்றிய நான்கில் மூன்று கண்ணிகளைப் 12 மணிப் பக்கத்திலும் ஒன்றை மட்டும் 6 மணிப் பக்கத்திலும் எடுத்திருந்தார்கள். மொத்த நீளம் அப்போதைக்குச் சரிதான்; ஆனால் பூட்டு உள்மணிக்கட்டின் நடுவில் நிற்காமல் சுண்டுவிரல் பக்கத்து எலும்பின் மேல் ஏறி நின்றது. மேசையில் கையூன்றித் தட்டச்சு செய்யும்போது அதன் விளிம்பு அழுத்த, நான் அறியாமலேயே கையைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தேன். செயினை அளவாக்குவது என்பது நீளத்தைக் குறைப்பது மட்டுமல்ல, எந்தப் பக்கத்தில் குறைப்பது என்பதும் அதில் பாதி வேலை என்று அப்போதுதான் புரிந்தது. மடிப்புப் பூட்டு உள்ள செயின்களில் 6 மணிப் பக்கம் 12 மணிப் பக்கத்தைவிடச் சற்றுக் குட்டையாக இருப்பதே பொதுவான வழக்கம். உள்ளங்கையை மேலே திருப்பிப் பார்த்தால் பூட்டின் மையம் மணிக்கட்டின் மையத்தோடு ஒத்திருக்க வேண்டும்.

வெயிலில் எஃகு விரிவதால்தான் இந்தத் தொல்லை என்று சிலர் நினைப்பதுண்டு. கடிகாரத்தில் பயன்படும் 316எல் எஃகு ஒரு டிகிரி செல்சியசுக்கு, தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 16 பங்குதான் விரிகிறது. 24 டிகிரி அறையிலிருந்து 40 டிகிரி வெயிலுக்கு வந்தால் 17 செ.மீ. நீளச் செயினில் ஏற்படும் மாற்றம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. தவிரவும், எஃகு விரிந்தால் செயின் தளர வேண்டுமே தவிர இறுகக் கூடாது! மாறுவது நம் கைதான். உடல் சூட்டை வெளியேற்றத் தோலடி இரத்தக் குழாய்கள் விரிகின்றன. திசுக்களில் நீர் சேர்கிறது. நெடுநேரம் கையைத் தொங்கவிட்டு நடந்தாலும், உப்பு மிகுந்த சாப்பாட்டுக்குப் பிறகும் இதே கதை. குளிரில் இது தலைகீழாகி, காலையில் பொருந்திய செயின் திரையரங்கின் குளிரில் வளையல்போல் உருளத் தொடங்கும்.

இந்த இடத்தில் அப்பாவின் ஞாபகம் வருகிறது. அவருடைய எச்.எம்.டி. கடிகாரத்தில் கடையில் தனியாக வாங்கிப் போட்ட ஸ்ப்ரிங் செயின் இருந்தது. அதற்கு அளவும் கிடையாது, பூட்டும் கிடையாது. விரல்களைக் குவித்து நுழைத்தால் போதும், கை வீங்கினாலும் வற்றினாலும் அதுவே ஈடுகொடுக்கும். மணிக்கட்டு மயிரை ஒவ்வொன்றாகப் பிடுங்கியது என்பதைத் தவிர அந்தச் செயின் தீர்க்காத பிரச்சினை எதுவுமில்லை. லட்சங்களில் விலை வைக்கும் நிறுவனங்கள் கடந்த இருபது ஆண்டுகளாகப் பெரும் பொறியியலுடன் துரத்திக்கொண்டிருப்பது ஏறக்குறைய அதைத்தான், மயிர் பிடுங்காமல்.

இறுதியில் என் கடிகாரத்தைச் சரிசெய்தவர், வடசென்னையில் ஒரு மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருக்கும் முதியவர். நான் நீட்டியதும் அவர் கடிகாரத்தை வாங்கிக்கொள்ளவில்லை. கையை மேசைமேல் வைக்கச் சொல்லி, மடக்கச் சொல்லி, முஷ்டி பிடிக்கச் சொல்லி, எலும்புக்கு மேலே கட்டும் பழக்கமா கீழே கட்டும் பழக்கமா என்று கேட்டார். மதியம் மூன்று மணிக்கு வந்திருக்கிறேன் என்பதை ஒரு பாராட்டாகவே சொன்னார்: “காலையில வந்து அளவு குடுத்துட்டுப் போறவங்கதான் சார் சாயங்காலம் என்னைத் திட்டுறவங்க.” பிறகு உறையிலிருந்த கண்ணிகளில் இரண்டைப் 12 மணிப் பக்கத்தில் திரும்பச் சேர்த்தார், 6 மணிப் பக்கத்தில் கூடுதலாக ஒன்றைக் கழற்றினார். ஆக மொத்தம் ஒரு கண்ணி கூடியிருக்கிறது. இத்தகைய எஃகுச் செயின்களில் ஒரு கண்ணி பெரும்பாலும் 6 முதல் 8 மி.மீ. வரை இருக்கும், கூடிய அந்த நீளத்தை டி-ஃபிட்டை முழுவதும் உள்ளே தள்ளி ஈடுசெய்தார். குளிர் அறையில் கட்டும் நீளம் ஏறக்குறைய அதேதான், ஆனால் இப்போது வெளியே இழுக்க 8 மி.மீ. முழுவதும் கையிருப்பில் இருக்கிறது. கணக்கில் எதுவும் மாறவில்லை. கடிகாரம் வேறு கடிகாரமாகிவிட்டது.

குளிர்நாட்டில் இருப்பவர்களுக்கு அளவெடுக்கும்போது நகர்வை நடு நிலையில் வைத்துக்கொள்வது உத்தமம். இரு பக்கமும் 4 மி.மீ. கிடைக்கும். நம் ஊரில், ஏசி அறையில் அளவெடுப்பதாக இருந்தால், உள்ளே தள்ளிய நிலைக்கு அருகில் வைத்து அளவெடுக்கும்படி வற்புறுத்தலாம். சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பழைய சோதனையே போதுமானது: பூட்டிய பின் பூட்டுக்கும் தோலுக்கும் நடுவே சுண்டுவிரல் நுனி சிரமமின்றி நுழைய வேண்டும், கையை உதறினால் கடிகாரத்தின் தலை புரண்டு பக்கவாட்டுக்குப் போகக் கூடாது.

டி-ஃபிட் இயங்கும் விதம் எளிமையானது. பூட்டைத் திறந்து, அதற்குள் நுழையும் செயினின் முனையைச் சற்று மடக்கி இழுத்தால் பற்களிலிருந்து விடுபட்டு நகரும். வேண்டிய நிலையில் விட்டால் பதிந்துகொள்ளும். அழுத்துவதற்குப் பொத்தான் எதுவும் இல்லை, எனவே பழுதாகவும் அதிகம் இல்லை. நடந்துகொண்டே செய்ய முடியாது, பூட்டைத் திறந்தே ஆக வேண்டும் என்பது சிறு குறை. மேசைமேல் கையை வைத்துக்கொண்டால் பத்து நொடி வேலை. இதே குடும்பத்தின் மூத்த நிறுவனமான ரோலெக்ஸ், எக்ஸ்ப்ளோரர் போன்ற கடிகாரங்களில் தரும் ‘ஈஸிலிங்க்’ ஏறத்தாழ 5 மி.மீ. நீளும் ஒரே ஒரு மடிப்பு. ஒன்று மடித்திருக்கும், அல்லது விரித்திருக்கும். இடைநிலை எதுவும் இல்லாததால் பலருக்கு அது இறுக்கத்துக்கும் தொளதொளப்புக்கும் இடையே தாவுவதுபோல் படும். அவர்களுடைய சப்மரைனரில் உள்ள ‘கிளைட்லாக்’ 2 மி.மீ. படிகளில் சுமார் 20 மி.மீ. வரை போகிறது, நீருக்கடியில் அணியும் தடித்த நனையுடைக்கு மேல் கட்ட வேண்டிய முக்குளிப்பவர்களுக்காக அமைந்த நீளம் அது. எனக்கு அவ்வளவு தேவையில்லை. கார்ட்டியே 2018-இன் சான்டோஸில் வேறு வழியைப் பிடித்தது: ஒவ்வொரு கண்ணியின் அடியிலும் உள்ள பொத்தானை அழுத்தினால் கம்பி வெளியே வந்து கண்ணியே கழன்றுவிடும், திருப்புளியும் வேண்டாம், கடைக்காரரும் வேண்டாம். கண்ணி கழற்றுவதை நினைத்துப் பயப்படுகிறவர்களுக்கு அதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. ஆனால் மாலை நேரத்து 2 மி.மீ. வீக்கத்துக்கு முழுக் கண்ணியைச் சேர்ப்பதோ நீக்குவதோ மருந்தாகாது. தினசரி வாழ்க்கைக்கு டியூடரின் 8 மி.மீ. ஏற்பாடே போதிய அளவில் இருக்கிறது என்பது என் தீர்ப்பு. ஒரு கண்ணியின் நீளத்துக்கு ஈடான தொலைவு நகர்வதால், ‘ஒரு கண்ணி எடுத்தால் இறுக்கம், வைத்தால் தளர்ச்சி’ என்ற நிரந்தரப் புலம்பலுக்கு இதில் பெரும்பாலும் இடமில்லை.

பாராட்டோடு நிறுத்த மனம் வரவில்லை. இந்தச் செயினின் பக்கவாட்டில் வரிசையாகத் தெரியும் குமிழ்த் தலைகள் ரிவெட்டுகள் அல்ல. ரிவெட்டுபோல் காட்டுவதற்கான அலங்காரம். 1950-களின் செயின்களில் கண்ணிகளைச் சேர்த்துப் பிடித்தவை உண்மையான ரிவெட்டுகள். இன்று கண்ணிகள் திடமான எஃகு, பிடித்திருப்பவை திருகாணிகள். பழமைக்கு மரியாதை என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அது சுவரில் வரைந்த சாளரம்போல் தோன்றுகிறது. தோற்றத்தைக்கூட மன்னித்துவிடலாம், ஆனால் அந்தக் குமிழ்களின் விளிம்பில் வியர்வையும் தூசியும் சேர்ந்து கருப்பாகப் படிவதை மன்னிக்க முடியவில்லை. 2025-இல் வந்த சிவப்பு பிளாக் பே 58-க்கு டி-ஃபிட் பூட்டுடன் ஐந்து கண்ணி வரிசைச் செயினையும் தேர்ந்தெடுக்க முடிகிறது. இந்த வசதி 54-ஐ நான் வாங்கிய நாளில் இருந்திருந்தால் யோசிக்காமல் அதைக் கேட்டிருப்பேன்.

மூன்றாவது குறை செயினுடையது அல்ல, மறுபடியும் அந்த முதல் கடையினுடையது. முதியவர் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு காட்டினார்: ஒரு திருகாணியின் பிளவு ஓரம் சிதைந்து, பக்கத்துக் கண்ணியில் மெல்லிய கீறல் ஓடியிருந்தது. பிளவைவிடக் குறுகலான அல்லது தடிமன் பொருந்தாத முனையுள்ள திருப்புளியைப் போட்டு நெம்பியதன் அடையாளம் அது. தோட்டின் திருகாணியை அறிந்த நம் வீடுகளில் சொல்லித்தர வேண்டியதில்லை, திருகாணி சிறியது என்பதால் அது அற்பமானதல்ல. அது கழன்றால் லட்ச ரூபாய்க் கடிகாரம் பேருந்துப் படிக்கட்டில் கிடக்கும்.

வீட்டிலேயே கண்ணி கழற்ற நினைப்பவர்களுக்கு ஒரு விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது. விலையுயர்ந்த செயின்களின் திருகாணிகள் வெறும் இறுக்கத்தால் மட்டும் நிற்பதில்லை. தானாகக் கழன்றுவிடாதபடி மரையில் ஒட்டும் திரவத்தை ஒரு துளி தடவியே பூட்டப்படுகின்றன. அசையாத திருகாணியோடு மல்லுக்கட்டுவதுதான் பிளவு சிதைவதற்கு முதல் காரணம். முடி உலர்த்தும் கருவியால் அந்தக் கண்ணியை மட்டும் சிறிது சூடாக்கினால் பசை இளகிவிடும். திரும்பப் பூட்டும்போது பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, லாக்டைட் 222 போன்ற குறைந்த வலுவுள்ள ஊதா நிறத் திரவத்தை ஊசி முனையளவு மரையில் தொட்டுவைத்தால் போதும். அதிகம் ஊற்றினால் வழிந்து கண்ணியின் மூட்டையே அசையாமல் பிடித்துவிடும். வலுவான வகையைப் பயன்படுத்தினால் அடுத்த முறை கழற்றுபவர் உங்களைச் சபிப்பார். முனையின் அகலம் பிளவின் அகலத்தோடு ஒத்துப்போகும் நல்ல திருப்புளியும், கண்ணியை அசையாமல் பிடிக்க மென்மையான ஒரு தாங்கியும் இருந்தால் வேலை கடினமில்லை. கம்பி அடித்துச் சேர்த்த மலிவு விலைச் செயின்களுக்கு இது பொருந்தாது. அவற்றின் உட்புறத்தில் பொறித்திருக்கும் அம்புக்குறி காட்டும் திசையில் கம்பியைத் தள்ளி வெளியே எடுக்க வேண்டும். அந்தச் சுத்தியல் பழக்கத்தோடு திருகாணிச் செயினை அணுகுகிறவர்களால்தான் பாதி விபத்துகள் நேர்கின்றன.

பராமரிப்பு பற்றிச் சொல்ல அதிகமில்லை. கடற்கரை ஊரில் வியர்வை உப்பும் தூசியும் மூட்டுகளுக்குள் புகுந்து அரைப்புமாவுபோல் எஃகைத் தேய்க்கும். பழைய செயின்கள் தொய்வடைவதற்கு அதுவே முதன்மையான காரணம். கிரீடத்தை (நேரம் வைக்கும் பக்கவாட்டுத் திருகை) இறுக்கியிருப்பதை உறுதிசெய்துகொண்டு, வாரம் ஒருமுறை மிதமான சோப்பு நீரில் மென்தூரிகையால் தேய்த்துக் கழுவுகிறேன். டி-ஃபிட்டின் உட்பகுதியை அப்போது முழுவதும் வெளியே இழுத்துக் கழுவுவது அவசியம். அங்கே சேரும் அழுக்கு வெளியிலிருந்து தெரிவதில்லை, ஆனால் நகர்வு சொரசொரப்பாவதை விரல் உணர்ந்துவிடும்.

இப்போது காலையில் முதல் நிலையில் கட்டி வெளியே கிளம்புகிறேன்; உணவு இடைவேளையில் இரண்டாம் நிலை, மே மாதத்தில் மாலை நான்கு மணிக்கு மூன்றாம் நிலை. நான்காம் நிலையை ஒரே ஒரு முறை பயன்படுத்தியிருக்கிறேன், உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி முடிந்த கையோடு. ஐந்தாம் நிலை இன்னும் காலியாகவே இருக்கிறது. சிதைந்த திருகாணிக்கு மாற்று கேட்டு எழுதியிருக்கிறேன். வந்ததும் அந்த மாடிப்படிக்கு அடியிலேயே கொண்டுபோய்க் கொடுப்பேன், மதியம் மூன்று மணிக்கு மேல்.